பழைய வீட்டின் வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாய்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: சுமார் 60 ஆண்டுப் பழமையான மாடி வீடு. மேல்தளக் கழிவறையிலிருந்து இறங்கும் வார்ப்பிரும்புக் குழாயில் நெடுக்காக ஒரு விரிசல் விட்டிருக்கிறது. எபாக்சி மாவு வைத்து அடைத்த பிறகும் சில மாதங்களில் மீண்டும் கசிகிறது. கசியும் துண்டை மட்டும் வெட்டிவிட்டு பி.வி.சி. போட்டால் போதும் என்கிறார் ஒரு பிளம்பர். தரைக்கடியில் ஓடுவது உட்பட அனைத்தையும் மாற்றிவிட வேண்டும் என்கிறார் இன்னொருவர். இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது?

இருவருமே குழாயின் உட்புறத்தைப் பார்க்காமல் சொல்கிறார்கள் என்பதால், இப்போதைக்கு இருவருக்கும் ஒப்புதல் கொடுக்க வேண்டாம் என்பதே என் பதில். வார்ப்பிரும்புக் குழாயின் நலத்தை அதன் வயதை வைத்தும் சொல்ல முடியாது, வெளித்தோற்றத்தை வைத்தும் சொல்ல முடியாது. ஒரே வீட்டில், ஒரே நாளில் பொருத்தப்பட்ட குழாய்களில் செங்குத்தாக நிற்பது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் நிலையில் இருக்க, தரைக்கடியில் படுத்திருப்பது அடிப்பகுதியே இல்லாமல் மண்மீது நீரை ஓட்டிக்கொண்டிருப்பது சாதாரணமாகக் காணக்கூடியதுதான்.

இது ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகும். பழைய வீடுகளில் இருப்பது சாம்பல் நிற வார்ப்பிரும்பு. அதில் கார்பன் ஏறத்தாழ 2.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும்; அதன் பெரும்பகுதி இரும்புக்குள் மெல்லிய கிராஃபைட் தகடுகளாகப் பரவிக் கிடக்கும். ஈரமும் உப்பும் அமிலமும் தொடர்ந்து படும்போது இரும்பு மட்டும் கரைந்து வெளியேற, கிராஃபைட்டும் துருவும் சேர்ந்த ஒரு கூடு அதே வடிவத்தில், அதே கனத்தில் அப்படியே நிற்கும். மேலே பூசிய கறுப்பு வண்ணம்கூட உதிராமல் இருக்கும். ஆனால் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்திச் சுரண்டினால் பென்சில் கரியைப் போல மென்மையான கறுப்புத் தூள் உதிரும். அந்த இடத்தில் குழாய் என்று பார்வைக்கு ஒன்று இருக்கிறதே தவிர, தாங்கும் வலு இல்லை. உங்கள் எபாக்சி மாவு நிற்காமல் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: மாவு கெட்டியாகத்தான் பிடித்திருக்கும், அது பிடித்துக்கொள்ள அடியில் நல்ல உலோகம் இருந்திராது.

செங்குத்துக் குழாயில் கழிவுநீர் உட்சுவரை ஒட்டி மெல்லிய படலமாக இறங்கிப் போய்விடுகிறது, காற்றோட்டமும் இருக்கிறது, தேங்கி நிற்பது எதுவும் இல்லை. ஆகவே அரிப்பு மெதுவாகவே நடக்கும். கிடைமட்டக் குழாயில் நிலைமை வேறு. அதன் அடிப்பகுதி எப்போதும் நனைந்தே இருப்பதால் அங்கே நீளவாக்கில் ஒரு வாய்க்கால் போல அரித்துக்கொண்டே போகும். மேற்பகுதியை அரிப்பது வேறொன்று. குழாயின் உட்புறத்தில் படியும் வழுவழுப்பான அழுக்குப் படலத்தில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள சல்ஃபேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயு மேலெழுந்து ஈரமான மேற்சுவரில் படும்போது, வேறு வகைப் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. மண்ணுக்கடியில் போகும் குழாய் என்றால் வெளியிலிருந்து மண்ணின் ஈரமும் உப்பும் தாக்கும். இணைப்புகளின் இடுக்கு வழியே மரவேர்கள் நுழையும். வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாயின் ஆயுள் 50 முதல் 100 ஆண்டுகள் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுகள்தாம்.

வெர்சாய் அரண்மனைத் தோட்டத்து நீரூற்றுகளுக்காக 17ஆம் நூற்றாண்டில் பதித்த வார்ப்பிரும்புக் குழாய்கள் 300 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தனவே என்று சிலர் எடுத்துக்காட்டுவது உண்டு. அவை நல்ல நீரைக் கொண்டுசென்ற தடித்த குழாய்கள். வீட்டுக் கழிவுநீர்க் குழாயின் சுவர் 100 மி.மீ. அளவில்கூடச் சுமார் 5 மி.மீ. கனம்தான். மணல் அச்சில் வார்த்த பழைய குழாய்களில் அந்தக் கனமும் சுற்றிலும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு பக்கம் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் இருக்கும். நெடுக்கான விரிசல் பெரும்பாலும் அந்த மெலிந்த பக்கத்தில்தான் விடும்.

இனிச் சோதனைக்கு வருவோம். முதலில் ஒரு காந்தத்தை எடுத்து வெளியே தெரியும் குழாய்கள் அனைத்திலும் ஒட்டிப் பாருங்கள். அந்தக் காலத்து வீடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்களும் கலந்திருக்கும். வண்ணம் பூசிய பிறகு பார்வைக்கு வேறுபாடு தெரியாது. காந்தம் ஒட்டாத, சிமெண்ட் போன்ற குழாய் இருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை அழைக்க வேண்டும். அடுத்து, சிறு சுத்தியலால் மேலிருந்து கீழாக மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல வார்ப்பிரும்பு கணீரென்று ஒலிக்கும். வலுவிழந்த இடம் மொத்தையாக ஒலிக்கும். துருக் கொப்புளங்கள், அவற்றைச் சுற்றிய ஈரம், இணைப்புகளின் கீழே வழிந்த பழுப்புக் கோடுகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே உள்ள சேம்பரின் (குழாய்கள் வந்து சேரும் ஆய்வுத் தொட்டியின்) மூடியைத் திறந்து, அடியில் துருச் சில்லுகள் சேர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். குழாயின் உட்சுவர் உரிந்து வருகிறது என்பதற்கு அது நேரடிச் சான்று. சேம்பருக்குள் இறங்கவோ தலையை நுழைக்கவோ வேண்டாம். முன்னே சொன்ன ஹைட்ரஜன் சல்ஃபைடு உயிரைப் பறிக்கக்கூடிய வாயு; அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும் என்பதால், நாற்றம் தெரியவில்லை என்று நம்பி இறங்குவது பேராபத்து.

தரைக்கடியில் உள்ளதைப் பார்க்கக் கேமரா விடுவதைத் தவிர நம்பகமான வழி இல்லை. கேமரா விடுபவரிடம் இரண்டு நிபந்தனைகளைச் சொல்லுங்கள். முதலாவது, முழு ஓட்டத்தையும் தூரக் கணக்குடன் பதிவு செய்து, அந்தப் பதிவை உங்களிடமே தர வேண்டும். இரண்டாவது, கேமராவுக்கு முன் அடைப்பு எடுக்க வேண்டியிருந்தால், கத்தி முனை பொருத்திய ஸ்பிரிங் இயந்திரத்தையோ உயர் அழுத்த நீரையோ எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டும். கூடாகிப்போன குழாயை அவை குத்திக் கிழித்துவிடும். பதிவைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை இவை: கேமரா நீருக்குள் மூழ்கி மூழ்கி எழுந்தால் அங்கே குழாய் தொய்ந்திருக்கிறது, அடியில் கறுப்பாக, ஒழுங்கற்ற விளிம்புடன் ஒரு பள்ளம் தொடர்ந்து வந்தால் அடிப்பகுதி போய்விட்டது, இணைப்புகளில் படி போலத் தெரிந்தால் ஒரு குழாய் இறங்கியிருக்கிறது. துரு முடிச்சுகள் மட்டும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பயமுறுத்தி முழு வேலையையும் வாங்கப் பார்ப்பவர்கள் முதலில் காட்டுவது அந்த முடிச்சுகளைத்தான்.

இப்போது உங்கள் இரு பிளம்பர்களுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லலாம். துண்டை மட்டும் மாற்றுவது தவறான யோசனை அல்ல; ஆனால் அது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்தான் நிற்கும். வெட்டும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் நல்ல உலோகம் இருக்க வேண்டும். புதிய குழாயையும் பழைய குழாயையும் இணைக்கும் கப்ளிங், கிளாம்பை முறுக்கி இறுக்குவதால்தான் நீரைத் தடுக்கிறது. கிராஃபைட் கூடாக மாறிய முனையில் அதை இறுக்கினால், குழாய் உள்ளே நொறுங்கும். அல்லது அன்று பிடித்து, ஆறு மாதத்தில் கப்ளிங்கின் விளிம்பில் புதிய விரிசல் விடும். ஆகவே முதல் வெட்டுப் போட்டதும் அறுத்தெடுத்த வளையத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெட்டு முகம் சுற்றிலும் பளிச்சென்ற சாம்பல் நிறத்தில், 4 மி.மீ. அளவுக்காவது இருந்தால் அங்கே நிறுத்தலாம். கறுத்து மங்கியிருந்தால், அல்லது பளிச்சென்ற பகுதி நகக்கண் அளவே இருந்தால், இன்னும் மேலே போக வேண்டும். அந்த வளையம் சொல்வதைவிட உறுதியான ஆய்வறிக்கை எதுவும் கிடைக்காது.

உங்கள் நிலையில் நான் செய்யக்கூடியது இது. விரிசல் விட்ட செங்குத்துக் குழாயைத் துண்டு துண்டாக அல்லாமல், மேல்தளக் கிளை இணைப்பிலிருந்து அடி வளைவு வரை ஒரே முறையில் மாற்றிவிடுவேன். சுவரைத் திறப்பதும் பூசுவதும் வண்ணமடிப்பதும்தான் இந்த வேலையில் பெரும் செலவு என்பதால், குழாயில் மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை. தரைக்கடியில் உள்ளதைக் கேமரா தீர்மானிக்கட்டும். அடிப்பகுதி அரித்திருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும், மாடிக் குழாய் அதற்குப் பிறகுதான். ஏனெனில் மாடியில் கசிவது கண்ணுக்குத் தெரிகிறது, தரைக்கடியில் கசிவது அடித்தளத்து மண்ணைக் கரைத்துக்கொண்டு போகிறது. அடிப்பகுதி நன்றாக இருந்தால், இரண்டாமவர் சொன்னபடி தரையைப் பெயர்ப்பதற்கு இப்போது எந்தத் தேவையும் இல்லை.

கழற்றும் வேலையில் கவனம் தேவை. 100 மி.மீ. வார்ப்பிரும்புக் குழாய் ஒரு மீட்டருக்கு 10 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. கீழே ஒரு துண்டை அறுத்தெடுத்தால் அதற்கு மேலுள்ள முழு எடையும் அந்தரத்தில் தொங்கும். சுவரிலுள்ள பழைய கிளாம்புகளும் குழாயைப் போலவே துருவேறியவைதாம். அதனால் விட்டுவைக்கப்போகும் பகுதிக்கு முதலில் புதிய தாங்கு கிளாம்ப் போட்டு, அதன் பிறகே அறுக்க வேண்டும். முழுவதையும் எடுப்பதாக இருந்தால் மேலிருந்து கீழாக, கையாளக்கூடிய துண்டுகளாக எடுக்க வேண்டும். சங்கிலியைக் குழாயைச் சுற்றி இறுக்கி வெட்டும் கருவி நல்ல குழாயில் சுத்தமாக வெட்டும், கெட்ட குழாயை நசுக்கிவிடும். அங்கே வைர வில்லை போட்ட கிரைண்டர்தான் சரி. சுத்தியலால் உடைத்து எடுப்பது வேகமான வழியாகத் தோன்றும். உடைந்த சில்லுகள் கீழே விழுந்து அடி வளைவை அடைத்துக்கொண்டால், மிச்சப்படுத்திய நேரம் பல மடங்காகத் திரும்பப் போய்விடும். எப்படி எடுத்தாலும், கீழே நிற்கும் குழாயின் வாயைக் கயிறு கட்டிய துணி மூட்டையால் அடைத்துவைக்க வேண்டும். சில்லுகளை மட்டுமல்லாமல் வாயுவையும் அது ஓரளவு தடுக்கும்.

பழைய இணைப்புகள் ஒரு குழாயின் அகன்ற வாய்க்குள் அடுத்ததன் முனையைச் செருகி, தார் தோய்த்த சணலை அடித்து இறுக்கி, அதன்மேல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிச் செய்தவை. அந்த ஈயத்தை மீண்டும் உருக்கி எடுக்க யாரையும் விடாதீர்கள். ஈயப் புகை நஞ்சு. இணைப்புக்குச் சற்றுத் தள்ளி அறுத்துவிட்டு, ஈயத்துடன் அந்தத் துண்டை அப்படியே அப்புறப்படுத்துவது நல்லது. குழாயின் மேலுள்ள பழைய வண்ணத்திலும் ஈயம் இருக்கலாம் என்பதால், அறுக்கும்போது தூசியை வடிக்கும் சரியான முகக்கவசமும் கையுறையும் வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

புதிதாக எதைப் போடுவது என்பதில் பெரும்பாலோர் பி.வி.சி.க்கே போவார்கள், அது தவறும் அல்ல. துருவேறாது, எடை குறைவு, உட்புறம் வழுவழுப்பு. ஆனால் மூன்று செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று ஓசை: வார்ப்பிரும்பின் எடையே ஒலியை அமுக்கிவிடும், மெல்லிய பி.வி.சி. படுக்கையறைச் சுவருக்குள் இறங்கினால் மாடியில் தண்ணீர் விடும் ஒவ்வொரு முறையும் கேட்கும். அந்த இடத்துக்கு மட்டும் புதிய வார்ப்பிரும்பையோ ஒலி தடுக்கும் தடித்த பிளாஸ்டிக் குழாயையோ போடலாம். இரண்டாவது தீ: வார்ப்பிரும்பு எரியாது, பி.வி.சி. உருகி விழுந்து தளத்தில் ஒரு துளையைத் திறந்துவிடும். அடுக்குக் குடியிருப்பானால் தளத்தைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும், சூடேறினால் உப்பிக் குழாயை நெரித்து அடைக்கும் தீத்தடுப்பு வளையம் பொருத்த வேண்டும். மூன்றாவதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான புதிய வேலைகள் கெடுவது இதில்தான்.

பி.வி.சி. வெப்பத்தில் நீள்வது வார்ப்பிரும்பைவிட 5 முதல் 6 மடங்கு. 3 மீட்டர் நீளக் குழாயில் 40 டிகிரி வெப்ப மாற்றம் ஏற்பட்டால் 7 மி.மீ. அளவுக்கு நீளும். இருபுறமும் சால்வென்ட் பசையால் ஒட்டி, சுவரில் இறுகப் பிடித்த குழாய் அந்த நீட்சிக்கு இடமில்லாமல் வளையும். பிறகு ஏதாவது ஒரு கிளை இணைப்பில் விரிசல் விடும். எனவே ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ரப்பர் வளைய இணைப்பாவது இருக்க வேண்டும். அதைப் பொருத்தும் முறை இப்படி: குழாய் முனையைச் செங்குத்தாக அறுத்து, விளிம்பை அரத்தால் சரிவாகத் தேய்த்து, பிசிறு நீக்கி, வழுக்குப் பசை தடவி, வாய்க்குள் அடிவரை தள்ள வேண்டும். வாயின் விளிம்பில் குழாயின்மீது பென்சிலால் ஒரு கோடு போட்டு, பிறகு அந்தக் கோடு சுமார் 10 மி.மீ. வெளியே தெரியும்வரை குழாயைப் பின்னுக்கு இழுத்து, அந்த நிலையில் கிளாம்ப் போட வேண்டும். வேலை முடிந்த பின் அந்தப் பென்சில் கோடு வெளியே தெரிகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தெரியவில்லை என்றால் நீட்சிக்கு இடம் விடப்படவில்லை. இணைப்பை ஒட்டிய கிளாம்ப் இறுகப் பிடிக்க வேண்டும், இடையிலுள்ளவை குழாயை நழுவ விட வேண்டும்.

பழையதும் புதியதும் சந்திக்கும் இடத்தில், இரண்டின் வெளிவிட்டமும் ஒன்றாக இருக்காது என்பதால், அந்த இரு அளவுகளுக்கும் என்றே செய்த, உள்ளே ரப்பரும் வெளியே துருப்பிடிக்காத எஃகு உறையும் கொண்ட கப்ளிங் வேண்டும். வெறும் ரப்பர் உறை மண்ணுக்கடியில் பாரம் தாங்காமல் தொய்ந்து, நீர் தேங்கும் ஒரு படியை உண்டாக்கும். சிமெண்ட் கலவையை அப்பி இணைப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அசையும் குழாயும் அசையாத காரையும் எத்தனை நாள் ஒட்டியிருக்கும்?

கிடைமட்ட ஓட்டத்தில் வாட்டம் 100 மி.மீ. குழாய்க்கு 1க்கு 50 என்ற கணக்கில், அதாவது மீட்டருக்கு 20 மி.மீ. இறக்கத்தில் இருந்தால் நன்று. அதைவிட முக்கியம், தொடக்கம் முதல் முடிவு வரை அது ஒரே சீராக இருப்பது. ரசமட்டத்தை ஓர் இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மண் மூடக்கூடாது. நூல் கட்டி முழு நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். அடியில் கல் இல்லாத மணல் படுக்கை 100 மி.மீ. வேண்டும். செங்குத்துக் குழாய் கிடைமட்டமாகத் திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி எல்போவுக்குப் பதிலாக இரண்டு 45 டிகிரி பெண்டுகளைப் போட்டு, அவற்றுக்குச் சற்று மேலே திறந்து பார்க்கும் மூடி வைக்க வேண்டும். கிடைமட்டக் கிளைகள் சேருமிடங்களில் நேர் டீ கூடாது. ஓட்டத்தின் திசையில் சாய்ந்த ஒய் (Y) வடிவ இணைப்பு வேண்டும்.

வென்ட் குழாயை, அதாவது காற்றோட்டக் குழாயை, மறந்துவிடுவார்கள். கூரைக்கு மேல் போகும் அந்தக் குழாயும் வார்ப்பிரும்புதான். அதில் நீர் ஓடாததால் உட்புறத் துரு கழுவப்படாமல் உதிர்ந்து, அடி வளைவில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அதைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். வெட்டி மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்று வராவிட்டால், இறங்கும் நீர் உண்டாக்கும் உறிஞ்சலில் ட்ராப்களில் (நாற்றத்தைத் தடுக்க நீர் தேங்கி நிற்கும் வளைவுகளில்) நிற்க வேண்டிய 50 மி.மீ. நீர்த்தடுப்பு போய், வீடு முழுக்கச் சாக்கடை நாற்றம் ஏறும்.

தரையைப் பெயர்க்காமல் உள்ளே லைனிங் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது வந்து சொல்வார்கள். ரெசின் ஊறிய துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, காற்று அல்லது நீர் அழுத்தத்தால் விரித்து, அங்கேயே கெட்டிப்படுத்தும் இந்த முறையை 1971இல் லண்டனில் எரிக் வுட் முதன்முதலில் செய்துகாட்டினார். இன்று நன்கு தேறிய தொழில்நுட்பம். விலையுயர்ந்த தரைக்கு அடியில், கிளைகள் குறைவாக, நேராக ஓடும் குழாய்க்கு அது மிகப் பொருத்தம். ஆனால் பழைய குழாயின் வடிவத்தையே அது எடுத்துக்கொள்வதால் தொய்வு தொய்வாகவே இருக்கும், வாட்டம் சரியாகாது. இடிந்து விழுந்த இடத்தில் குழல் போகாது. லைனிங் மூடிவிடும் ஒவ்வொரு கிளையையும் உள்ளிருந்தே வெட்டித் திறக்க வேண்டும். அடுத்தடுத்துக் கிளைகள் சேரும் உங்கள் செங்குத்துக் குழாய்க்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தரைக்கடி ஓட்டத்துக்கு, கேமராவில் தொய்வு இல்லை என்று உறுதியானால், தாராளமாக விலை கேட்கலாம்.

வேலை முடியும்வரை காத்திருக்கும் நாட்களில் அடைப்பு வந்தால் அமிலமோ காரமோ ஊற்றாதீர்கள். மெலிந்த குழாயை அது இன்னும் மெலியவைக்கும், பிறகு அறுக்க வருபவரின் கையிலும் முகத்திலும் தெறிக்கும்.

சுவரை மூடுவதற்கு முன் சோதனை. புதிய குழாயின் அடியை ஊதுபை அடைப்பானால் மூடி, சோதிக்கும் இணைப்புக்கு மேல் 3 மீட்டர் உயரம் நிற்கும்படி நீரை நிரப்பி, 15 நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கக்கூடாது, ஒவ்வோர் இணைப்பின் அடிப்பக்கத்தையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றினால் ஈரம் தெரியக்கூடாது. ஒரு வாளித் தண்ணீரை மாடியில் ஊற்றிவிட்டுக் கசியவில்லை என்று சொல்வது சோதனை ஆகாது. இந்தச் சோதனையை உங்கள் முன்னிலையில் செய்த பிறகே பூச்சு வேலை தொடங்கும் என்பதை, விலை பேசும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திறந்த சுவரில் ஓர் அளவு நாடாவைப் பிடித்து, குழாய் போகும் வழி முழுவதையும் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.